காலையில் மட்டும் நீலப் புகை, ஆயிலும் குறைகிறது: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

சேலத்துப் பயணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இப்போது 98,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து நீலம் கலந்த புகை குப்பென்று வருகிறது. அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது பின்னால் வந்த நண்பர் ஒன்று சொன்னார்: வளைவு முடிந்து நான் ஆக்சிலேட்டரை மிதிக்கும் நேரத்தில் மட்டும் புகை வந்ததாம். ஏறும்போது அப்படி எதுவும் அவர் பார்க்கவில்லை. ஆயில் 1000 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் குறைகிறது. பிக்கப், மைலேஜ் இரண்டிலும் மாற்றம் இல்லை.

எங்கள் பகுதி மெக்கானிக் பார்த்தவுடனே, "பிஸ்டன் ரிங் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும், 45,000 ஆகும்" என்றார். இன்னொருவர், "கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊத்துங்க, தானா நிக்கும்" என்கிறார். இரண்டில் எது சரி?


நால்வழிச்சாலை எழுதியது:

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அதில் சந்தேகம் இல்லை. லட்சத்தை நெருங்கிய வண்டி, முதல் உரிமையாளர் ஆயில் எப்போது மாற்றினார் என்றும் தெரியாது. ரிங்காகத்தான் இருக்கும். 45,000 செலவு செய்வதற்குப் பதில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.


லேத்துப்பட்டறை எழுதியது:

தம்பி, அவசரப்பட வேண்டாம். கோவையில் இன்ஜின் வேலை செய்கிற பட்டறை என்னுடையது. ரிங் என்று சொல்லி இறக்கிப் பார்த்தால் போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், பளிச்சென்று, கோடுகூட விழாமல் இருக்கிற வண்டிகள் எங்களிடம் அடிக்கடி வரும். பிரித்தபின் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாவற்றையும் மாற்றித்தான் பூட்ட வேண்டும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

புகையின் நிறம் என்ன எரிகிறது என்று சொல்லும். ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் புகை வரும் நேரம்தான் சொல்லும். நீங்கள் எழுதியதில் அந்த நேரம் தெளிவாக இருக்கிறது.

இன்ஜின் நின்றபின் மேலே சிலிண்டர் ஹெட்டில் தங்கியிருக்கும் ஆயில், வால்வுத் தண்டு வழியாக இறங்கப் பார்க்கும். அதைத் தடுப்பது வால்வு சீல். அது ரப்பர். கி.மீ. குறைவாக ஓடியிருந்தாலும் வருடக்கணக்கில் சூடுபட்டுப் பட்டு விறைத்துப் போகும். விறைத்த சீல் தண்டைப் பிடிக்காது. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கிய ஆயில் காலை முதல் ஸ்டார்ட்டில் எரிந்து தீர்ந்துவிடும். அரை நிமிடத்தில் புகை நிற்பது அதனால்தான்.

மலை இறக்கத்துக்கும் இதே கணக்கு. நீங்கள் வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்குகிறீர்கள். திராட்டில் மூடியிருக்கிறது, இன்ஜினோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போது காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் உச்சத்தில் இருக்கும். அது இன்டேக் வால்வின் தண்டு ஏறி இறங்கும் கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். மறுபடி மிதிக்கும்போது அது எரிந்து வெளியே வருகிறது. ரிங் தேய்ந்த வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஏற்காடு ஏறும்போது, இரண்டாவது கியரில் முழு லோடில் இழுக்கையில் புகை தள்ளும், ஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்காது, பிக்கப்பும் விழும். உங்கள் வண்டியில் நடப்பது இதற்கு நேர்மாறு.

ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சில சோதனைகள் செய்துவிட்டு எழுதுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று எண் எழுதிப் படம் போடுங்கள். பிசிவி வால்வை (கிராங்க் கேஸில் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு) கழற்றிக் காதோரம் ஆட்டிப் பாருங்கள், நல்ல வால்வு உள்ளே கடகடக்கும். இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மெதுவாக மேலே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு மூடியைத் தூக்கி எறிகிறது என்றால் ரிங் வழியாகக் காற்று கீழே வருகிறது, அதற்குப் பெயர் புளோ-பை. அப்புறம், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, நான்கு பிளக்கும் வெளியே இருக்க, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டுதான் கிராங்க் செய்ய வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும். முதலில் அப்படியே ஒரு முறை, பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு இன்னொரு முறை. ஆயில் விட்டபின் அளவு நன்றாக ஏறினால் ரிங். ஏறவில்லை, ஆனால் முதலிலேயே குறைவாக இருக்கிறது என்றால் வால்வு, அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்.


டீசல் பிரியை எழுதியது:

லேத்துப்பட்டறை அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, ஆயில் எரிகிறதா, ஒழுகுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் நேராக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து அங்கேயே கருகிவிடும், தரையில் சொட்டுகூட இருக்காது. பானெட் பக்கத்திலிருந்து தீய்ந்த வாசனை வரும், சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகவும் வரும். அதைப் பார்த்துவிட்டு "இன்ஜின் புகைகிறது" என்று சொல்பவர்கள் உண்டு.

இரண்டு, அளப்பது. சமதரை, இன்ஜின் நிறுத்திப் பத்து நிமிடம், ஒவ்வொரு முறையும் அதே இடம். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். நிறைய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் இருக்கும். குறைகிறதே என்ற பயத்தில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றிவிடாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், அது பிரீதர் (கிராங்க் கேஸ் வாயு வெளியேறும் குழாய்) வழியாக இன்டேக்குக்குப் போய் எரியும். அதுவும் நீலப் புகைதான்! அதிகமாக ஊற்றியதை வடித்தவுடனே புகை நின்ற வண்டிகள் இருக்கின்றன.


நால்வழிச்சாலை எழுதியது:

கால் லிட்டர்தானே, ஊற்றிக்கொண்டே ஓட்டினால் என்ன? 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை சகஜம் என்று சில தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே போட்டிருக்கிறதே.


லேத்துப்பட்டறை எழுதியது:

போட்டிருக்கிறது, உண்மைதான். இன்றே வண்டியை நிறுத்த வேண்டிய அவசரம் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1000 கி.மீ.க்குக் கால் லிட்டர் என்றால் 10,000 கி.மீ. சர்வீஸ் வருவதற்குள் இரண்டரை லிட்டர். இந்த அளவு இன்ஜினில் மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் பேரிங் போய்விடும். சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவது இல்லை, பிரஷரைக் காட்டுவது. அது எரியும்போது பேரிங்குக்கு ஆயில் போவது ஏற்கெனவே தடுமாறத் தொடங்கியிருக்கும். உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும், "பக்கத்தில்தான் பட்டறை" என்று ஓட்டக் கூடாது.

இன்னொன்று, ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் படியும். ஆக்சிஜன் சென்சாரும் கெடும். கன்வெர்ட்டர் விலையை விசாரித்துப் பார்த்தால் வால்வு சீல் செலவு பெரிதாகத் தெரியாது.


சேலத்துப் பயணி எழுதியது:

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. மெக்கானிக் முதலில் சலித்துக்கொண்டார், பிறகு கேஜ் வாங்கி வந்து பொறுமையாகச் செய்துகொடுத்தார்.

கம்ப்ரஷன் வரிசையாக 172, 168, 170, 165 பிஎஸ்ஐ. ஆயில் விட்டபின் எல்லாமே லேசாகத்தான் ஏறின. மூடி சும்மா லேசாக ஆடியது. பிசிவி வால்வில் சத்தமே இல்லை, உள்ளே பிசின் மாதிரி கறுப்பாக அடைத்திருந்தது. இரண்டாவது பிளக்கின் முனையில் ஈரமான கரி. மூன்றாவது பிளக் முனை சுத்தமாக, இளம்பழுப்பாக இருக்கிறது, ஆனால் பிளக் குழிக்குள் ஆயில் நிற்கிறது. அட்டையில் சொட்டு இல்லை.


லேத்துப்பட்டறை எழுதியது:

அருமை. இப்போது கண்ணால் பார்த்ததை வைத்துப் பேசலாம்.

அதிகபட்சம் 172, குறைந்தபட்சம் 165. வித்தியாசம் நான்கு சதவீதம். பத்து சதவீதத்தைத் தாண்டினால்தான் நான் யோசிக்கவே தொடங்குவேன். கம்ப்ரஷன் ரிங் நன்றாக இருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிஸ்டனில் மேலே இரண்டு கம்ப்ரஷன் ரிங், அதற்குக் கீழே ஆயில் ரிங். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் இந்த ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்போதும் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும், ஆயிலும் குறையும். கேஜை மட்டும் நம்பினால் இதைத் தவறவிடுவோம். ஆனால் அப்படிப்பட்ட வண்டி ஹைவேயில் தொடர்ந்து மிதித்து ஓட்டும்போது ஆயிலை அதிகமாகக் குடிக்கும். இரவு நின்று காலையில் ஒரே கொத்தாகப் புகைப்பது அதன் குணம் இல்லை. அதனால் நான் வால்வு சீல் பக்கம்தான் நிற்கிறேன்.

மூன்றாவது பிளக் குழியில் இருக்கும் ஆயிலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது டேப்பட் கவரோடு வருகிற பிளக் குழாய் சீல் கசிவு. சிலிண்டருக்குள் போகவில்லை, முனை சுத்தமாக இருப்பதே அதற்குச் சாட்சி. ஆனால் விட்டுவைத்தால் இக்னிஷன் காயிலின் ரப்பர் ஊறி மிஸ்ஃபயர் வரும். டேப்பட் கவர் கேஸ்கெட் மாற்றும்போது சேர்த்து மாற்றிவிடுங்கள்.

முதல் வேலை பிசிவி வால்வு. விலை குறைவு, பத்து நிமிட வேலை. அது அடைத்தால் கிராங்க் கேஸில் பிரஷர் ஏறி எல்லா சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். மாற்றிவிட்டு 1000 கி.மீ. அளந்து பாருங்கள். குறைவது பாதியானாலும் லாபம்தான். மிச்சப் புகைக்கு வால்வு சீல். பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு, வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கை அழுத்தி சீலை மாற்றுவோம். பழகிய கைக்கு ஒரு நாள் வேலை. அப்போதே வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கைடு தேய்ந்து ஆட்டம் இருந்தால் புது சீல் நிலைக்காது, ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

20டபிள்யூ-50 வேண்டாம். உங்கள் இன்ஜின் 5டபிள்யூ-30க்காகச் செய்யப்பட்டது. பேரிங் இடைவெளியும் ஆயில் வழிகளும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். கெட்டியான ஆயில் காலை ஸ்டார்ட்டில் மேலே கேம் ஷாஃப்டுக்குப் போய்ச் சேர நேரமாகும், அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். கையேட்டில் 5டபிள்யூ-40 அனுமதித்திருந்தால் அதற்குப் போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. கெட்டி ஆயில் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும். பழைய கார் விற்கிறவர்கள் சிலர் இதைத்தான் செய்கிறார்கள். கார் பார்க்கப் போனால் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். "இப்போதுதான் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன்" என்று சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை போங்கள்.


சேலத்துப் பயணி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. பிசிவியும் டேப்பட் கவர் கேஸ்கெட்டும் ஆர்டர் போட்டுவிட்டேன். இன்ஜின் இறக்கும் வேலையை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லியாயிற்று.


தாம்பரம் கிழக்கு எழுதியது:

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் அப்பாவின் பெட்ரோல் செடான், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பார்க்கிங்கில் முக்கால் சக்கரம் தண்ணீரில் நின்றது. ஒரு பட்டறையில் ஆயில், ஃபில்டர் மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் நன்றாகத்தான் ஓடியது. இப்போது வெள்ளைப் புகை. சூடான பிறகும் நிற்கவில்லை. கூலன்ட் குறைகிறது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறது. வெள்ளத் தண்ணீரின் வேலையா இது?


லேத்துப்பட்டறை எழுதியது:

ஆயில் மாற்றிய பிறகு இவ்வளவு நாள் கழித்து வருவதால் வெள்ளத் தண்ணீர் இருக்க வாய்ப்பு குறைவு. ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

மூடியில் இருக்கும் வெண்படிவம் மட்டும் இருந்தால் நான் பதறமாட்டேன். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் சரியாகச் சூடாகாமல், உள்ளே வேர்த்த ஈரம் மூடியில் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

வெள்ளைப் புகையும் அப்படித்தான். ஊட்டியில், கொடைக்கானலில் காலையில் எல்லா வண்டியும் ஆவி விடும், சூடானதும் நிற்கும். தாம்பரத்தில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் வந்தால், கூடவே கூலன்டும் குறைந்தால் அது ஆவி இல்லை. சைலன்சர் பக்கம் லேசாக இனிப்பு வாடை அடிக்கிறதா பாருங்கள், கூலன்டில் உள்ள கிளைகால் எரிந்தால் அந்த வாடை வரும். ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டு நிற்க வேண்டாம், அது நல்லதில்லை. காலையில் ஜில்லென்று ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் சூடாகாது, விறைத்தால் சிலிண்டர் பிரஷர் உள்ளே போகிறது.

உறுதி செய்ய பிளாக் டெஸ்ட் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அங்கிருந்து வரும் காற்றை நீலத் திரவத்துக்குள் இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். சின்னக் கேமராவைப் பிளக் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தாலும் தெரியும். கூலன்ட் புகும் சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் தலை கரி இல்லாமல் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

ஹெட் கழற்ற வேண்டி வந்தால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். நிறைய இன்ஜின்களில் 0.05 மி.மீ. தாண்டினாலே லேத்தில் பேசிங் போட, அதாவது சமமாகச் சீவ, சொல்வார்கள். இழுபடும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிதாகத்தான் போட வேண்டும். அதன்பிறகு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அலுமினிய ஹெட்டுகள் அரித்துப் போகின்றன, உங்கள் பக்கத்தில் இது ரொம்ப அதிகம்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை, வேறு யாராவது படித்தால் உதவும். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி ஓடக்கூடச் செய்யும். கம்ப்ரஷன் டெஸ்டில் ஒரே ஒரு சிலிண்டர் தனியாகக் குறைந்து நிற்கும். உங்கள் வண்டியிலும் அந்த டெஸ்டைச் செய்துவிடுங்கள்.


நால்வழிச்சாலை எழுதியது:

என் வண்டிக்குப் பிரச்சினை தலைகீழ். 2021 டீசல் எஸ்யூவி, பிஎஸ்6 மாசு விதிப்படி வந்தது. ஆயில் குறையவில்லை, ஏறுகிறது! சர்வீஸில் மேல்கோட்டில் விட்டார்கள், இப்போது கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. கூலன்ட் அப்படியே இருக்கிறது, புகை துளியும் இல்லை. வண்டி பெரும்பாலும் பிள்ளைகளைப் பள்ளியில் விடத்தான் ஓடுகிறது.


டீசல் பிரியை எழுதியது:

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஆயிலில் கலந்திருப்பது டீசல்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தபின் டீசல் கார்களில் டிபிஎஃப் இருக்கிறது. கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. நிறைந்ததும் தன்னைத்தானே சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். அந்தச் சூட்டுக்காகப் பல இன்ஜின்கள் எரிதல் முடிந்தபிறகு சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கின்றன. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேரும். ஹைவேயில் அந்தச் சுத்திகரிப்பு ஒரே மூச்சில் முடிந்துவிடும். பள்ளி வாசலில் பாதியில் சாவியை அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும், ஒவ்வொரு முறையும் டீசல் சேரும்.

டிப்ஸ்டிக் ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள், டீசல் வாசனை தெரியும். ஐட்லிங்கில் நிற்கும்போது ஆர்பிஎம் கொஞ்சம் உயர்ந்து, ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடினால் சுத்திகரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னும் பத்து இருபது நிமிடம் ஓட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது ஜிஎஸ்டி ரோடு மாதிரி தடையில்லாத சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் நல்லது.

புகை இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். மேல்கோட்டைத் தாண்டிய டீசல் இன்ஜினில் ஆயில் பிரீதர் வழியாக இன்டேக்குக்குப் போனால், இன்ஜின் தன் சொந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். அரிதுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை இறுக்க மிதித்து, ஐந்தாவது அல்லது ஆறாவது கியரில் கிளட்சை விட்டு அணையச் செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள், பானெட்டைத் திறக்காதீர்கள்.


நால்வழிச்சாலை எழுதியது:

பயமாக இருக்கிறது. கூடுதலாக இருப்பதை மட்டும் வடித்துவிட்டால் போதுமா?


டீசல் பிரியை எழுதியது:

போதாது. வடித்தால் அளவு சரியாகும், மிச்சமிருக்கும் ஆயில் டீசல் கலந்து நீர்த்தபடியேதான் இருக்கும். பேரிங்கில் படலம் நிற்காது. டர்போவுக்கும் அதே ஆயில்தான் போகிறது. சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டிபிஎஃப் வண்டிக்கு என்று கையேட்டில் போட்டிருக்கும் சாம்பல் குறைந்த ஆயிலையே கேட்டு வாங்குங்கள், பழைய டீசலுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும், எவ்வளவு சூடாக்கினாலும் எரியாது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி, டிபிஎஃப்பில் இப்போது எவ்வளவு கரி இருக்கிறது, கடைசியாக முழுமையாகச் சுத்தமானது எத்தனை கி.மீ. முன்பு என்று கேளுங்கள், இரண்டுமே அதில் வரும். சுத்திகரிப்பு ரொம்ப அடிக்கடி நடந்திருந்தால் ஓட்டும் முறையை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. டீசல் தெளிக்கும் நாசில் சொட்டலாம், பிரஷர் சென்சார் தவறாகக் காட்டலாம், டர்போ ஹோஸ் கிழிந்து கரி அதிகமாகலாம். பழைய பிஎஸ்4 வண்டியாக இருந்தால் ஹோஸ் கிழிந்தது கறுப்புப் புகையாகப் பின்னால் தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் அந்தக் கறுப்பை டிபிஎஃப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெளியே தெரியாது. அதனால் இன்டர்கூலர் ஹோஸ்களையும் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.